"கறுப்புத் துணி – 1" என்று எழுதப்பட்ட கோட்டு பற்றி

அனுப்புநர்:
நிழற்படக் கடை நடத்தும் பெண், வயது 52,
ரொட்டிக்கடைக்கு மேல்மாடி,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்வரிசை.
(கடை உரிமத்தின் நகல் இணைப்பில் உள்ளது. தெருவில் "போட்டோ அக்கா" என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள்.)

பெறுநர்:
குடியேற்றச் சரிபார்ப்புச் சிறப்பு அலுவலர் அவர்கள்,
சரிபார்ப்பு அலுவலகம், மூன்றாம் தளம்.

பொருள்: போலிப் படம் கொடுத்ததாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவரை அடைத்து வைத்திருப்பது – அந்தப் படம் என் கடையில் நானே எடுத்த அசல் படம் என்பது – வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முன் தங்கள் கிடங்கிலுள்ள பதினேழாம் எண் பையைத் திறந்து பார்க்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் பிரிவினர் எனக்குக் கொடுத்த கைப்பற்றுதல் ரசீது.
2. நான் மூன்று முறை நேரில் வந்தது (அதற்கு ரசீது எதுவும் தரப்படவில்லை).

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் இருபத்தாறு ஆண்டுகளாக நிழற்படக் கடை நடத்துகிறேன். கடவுச்சீட்டு, வேலை அனுமதி, பள்ளி அடையாள அட்டை, வரன் பார்க்க அனுப்பும் படம் என்று இந்த வட்டாரத்தில் பாதிப்பேர் முகம் என் கேமரா வழியாகப் போனதுதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கீழே எழுதப்போவது கேள்விப்பட்ட செய்தி அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

2. என் கடையில் ஒரு கோட்டு இருந்தது. ஒரே ஒரு கோட்டு. என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாணத்துக்குத் தைத்தது. மூன்றாம் வருடமே அது அவருக்குப் பற்றாமல் போயிற்று. வயிற்றைக் குறை சொல்ல மனமில்லாமல் அவர் தையற்காரரைக் குறை சொன்னார். நல்ல துணி வீணாகப் போகிறதே என்று, முதுகை மேலிருந்து கீழ்வரை வெட்டி, இரண்டு ஓரத்திலும் நாடா வைத்துத் தைத்துக் கடைக்குக் கொண்டுவந்தேன். பருமனாக இருப்பவருக்கு நாடாவைத் தளர்த்துவேன். ஒல்லியாக இருப்பவருக்குப் பின்னால் நான்கு துணி கிளிப் போட்டு இறுக்குவேன். முன்னால் நின்று பார்த்தால் வங்கி மேலாளர். பின்னால் நின்று பார்த்தால் மொட்டைமாடித் துணிக்கொடி. இடது காலரில் ஓர் இஸ்திரித் தழும்பு உண்டு, அது என் கைவண்ணம். டையும் ஒன்றுதான், முடிச்சை அவிழ்க்காமல் பின்னால் எலாஸ்டிக் வைத்தது. பின்திரையும் ஒன்றுதான், வலது மேல்மூலையில் ஒரு மடிப்பு, எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

3. தங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த கணினி, வேலை அனுமதிக்கு வந்த விண்ணப்பங்களில் நாற்பத்து மூன்று படங்களைத் தனியாகப் பிரித்தது. நாற்பத்து மூன்றிலும் ஒரே கோட்டு, ஒரே தழும்பு, ஒரே டை, ஒரே மடிப்பு. ஆகவே யாரோ ஒரு கும்பல் ஒரே படத்தை வைத்துக்கொண்டு, முகத்தை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டி விற்கிறது என்று முடிவு செய்யப்பட்டது. கணினியைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குக் கோட்டு என்றால் ஆளுக்கு ஒன்று என்ற நினைப்பு. எங்கள் தெருவில் அது தெருவுக்கு ஒன்று என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

4. சென்ற வாரம் திங்கட்கிழமை மதியம் தங்கள் ஆய்வாளரும் எழுத்தர் ஒருவரும் என் கடைக்கு வந்தார்கள். கூடவே ஆளுங்கட்சியின் வார்டுச் செயலாளரும் வந்தார். அரசு வேலைக்கு இவர் எதற்கு வருகிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவர் பல வருடமாகப் பழக்கம். நானும் சென்ற இரண்டு தேர்தலிலும் அவர்கள் கட்சிக்கே வாக்களித்தவள். இதை மறைக்க வேண்டியதில்லை. சட்டத்துக்குப் புறம்பாக வந்தவர்களைக் கண்டுபிடியுங்கள் என்று என் கடைப்படியில் நின்று நானே பலமுறை பேசியிருக்கிறேன். இப்போதும் அதே கருத்தா என்று யாராவது கேட்டால், வியாழக்கிழமை முடியட்டும், சொல்கிறேன் என்கிறேன்.

5. ஆய்வாளர் படங்களை மேசைமேல் பரப்பினார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதற்கா இத்தனை பேர் படியேறி வந்தீர்கள் என்று, கோட்டை ஆணியிலிருந்து எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். எல்லாம் நேர்மையாக நடந்தது என்று காட்டுவதற்காக, யாரும் கேட்காமலேயே என் பதிவேட்டையும் எடுத்து வைத்தேன். அதில் தேதி, பெயர், வீட்டு முகவரி, படத்தின் அளவு எல்லாம் இருக்கும். கோட்டு போட்டவர் பெயருக்கு நேரே "கோ" என்று குறித்திருப்பேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், ஐயா. என் ஓணான் மற்றவர்கள் மடியில் போய் விழுந்தது என்பதுதான் வித்தியாசம். பதிவேட்டையும் எடுத்துக்கொண்டார்கள், கோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். வார்டுச் செயலாளர் படியிறங்கும்போது, "உங்களுக்கு ஒண்ணும் வராதுக்கா, நீங்க நம்ம ஆளு" என்றார். எனக்கு ஒன்றும் வரவில்லை. அது உண்மைதான்.

6. எழுத்தர் ரசீது எழுதும்போது நடந்ததைத் தாங்கள் தனியாகக் கவனிக்க வேண்டுகிறேன். அவர் கோட்டைத் திருப்பிப் பார்த்தார். முதுகே இல்லை. "இதக் கோட்டுன்னு எப்படிம்மா எழுதுறது? பின்னாடி ஒண்ணுமே இல்லையே" என்றார். ஆய்வாளர் அவசரப்படுத்தினார். எழுத்தர் "கறுப்புத் துணி – 1" என்று எழுதி, பை எண் 17 என்று குறித்து நீட்டினார். நான் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான சிரிப்பு நான் சிரித்ததில்லை.

7. மறுநாள் காலையிலேயே என் பதிவேட்டில் இருந்த முகவரிகளுக்கு வண்டி போனது. கதவைத் தட்டியவர்கள் கையில் என் பதிவேட்டின் நகல் இருந்தது. என் கையெழுத்தைப் பலர் அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஏழு பேரைப் பிடித்தார்கள். அதில் ஆறு பேர் இரண்டு நாளில் வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவர். மற்ற ஐந்து பேருக்கும் அவரவர் முதலாளிகள் வந்து கையெழுத்துப் போட்டார்கள். இன்னும் உள்ளே இருப்பவர் ஒருவர்; அவர் நிறுவனத்திலிருந்து கையெழுத்துப் போட யாரும் வரவில்லை. அவருக்காகத்தான் இந்த மனு.

8. அவரை நாங்கள் லிஃப்ட் தம்பி என்போம். லிஃப்ட் பழுது பார்க்கும் நிறுவனத்தில் வேலை. பதினோரு ஆண்டுக்கு முன் முறையான அனுமதியோடு வந்தவர், இரண்டு முறை புதுப்பித்தவர். மூன்றாம் முறை புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பத்தில் இருப்பதுதான் என் கடைப் படம். படம் போலி என்று அந்த விண்ணப்பத்தைச் சென்ற செவ்வாய் காலை நிராகரித்தீர்கள். நிராகரித்ததால் அன்றே அனுமதி காலாவதியானது. காலாவதியானதால் அன்று பதினோரு மணிக்கு அவரைப் பிடித்தீர்கள். காலையில் வேலைக்குப் போனவர் எப்படிச் சட்டவிரோதக் குடியேறி ஆனார் என்று அவர் மனைவி என்னைக் கேட்டார். நானும் விரல் விட்டு எண்ணி எண்ணிப் பார்க்கிறேன், எந்த இடத்தில் அவர் தவறு செய்தார் என்று பிடிபடவில்லை. என் தவறு மட்டும்தான் பிடிபடுகிறது.

9. அவரைப் பிடித்தபோது சந்தைக்கு எதிரே உள்ள ஐந்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டுக்கு மேலே இருக்கும் இயந்திர அறையில் இருந்தார். பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். திருப்பி மாட்ட அவகாசம் கேட்டிருக்கிறார், கொடுக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி காவல் இல்லத்தில் கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்று அவரைப் பார்த்தபோது, தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அந்த லிஃப்ட்ல பிரேக் கழட்டிப் போட்டிருக்கேன், யாரும் ஏறிடாமப் பாத்துக்கச் சொல்லு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாராம். அட்டையில் "ஏறாதீர்கள்" என்று எழுதி அவர் மனைவிதான் ஐந்து மாடியிலும் கட்டிவிட்டு வந்தார். ஆளுங்கட்சியின் தேர்தல் அலுவலகம் அந்தக் கட்டடத்தின் நான்காம் மாடியில் இருக்கிறது. வார்டுச் செயலாளர் தினமும் மூச்சு வாங்கப் படியேறுகிறார். அட்டையை யார் கட்டியது என்று அவருக்குத் தெரியாது.

10. பிடித்த அன்று மாலையே பேருந்து நிறுத்தத்தில் கூட்டம். ஆளுங்கட்சி வேட்பாளர் ஒலிபெருக்கியில், "ஒரே கோட்டுக்குள்ள நாப்பத்து மூணு பேர் ஒளிஞ்சிருந்தாங்க, நாங்க உதறி எடுத்தோம்" என்றார். கூட்டம் சிரித்தது, கை தட்டியது. என் கடைச் சன்னலுக்கு நேரே மேடை. மறுநாள் முதல் எங்கள் தெருவுக்கே "கோட்டுக் கும்பல்" என்று பெயர். ரொட்டிக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஒருவர் "சட்டம்னா சட்டம்தான், பாவம் பாத்தா நாடு நடக்குமா" என்கிறார். இன்னொருவர் "உன் வீட்டு லிஃப்டு நின்னா யாரைக் கூப்பிடுவே" என்கிறார். ரொட்டிக்கடைக்காரர் இரண்டு பேருக்கும் தலையாட்டுகிறார், அவருக்கு வியாபாரம். விண்ணப்பப் படம் எடுக்க என் கடைக்கு வருகிறவர்கள் இப்போது படியில் ஏறி, கோட்டு இல்லாத ஆணியைப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்விடுகிறார்கள்.

11. எதிர்க்கட்சியும் சும்மா இல்லை. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். வெள்ளிக்கிழமை நான்கு பேர் வந்து, லிஃப்ட் தம்பியின் மனைவியை என் கடையில் உட்காரவைத்துப் படம் பிடித்தார்கள். அவர் அழவில்லை. "கொஞ்சம் அழுதீங்கன்னா மக்களுக்குப் போய்ச் சேரும்மா" என்றார் அவர்களில் ஒருவர். அவர் அப்போதும் அழவில்லை. அவர்கள் போன பிறகு என் கழுவுதொட்டியில் அரைமணி நேரம் முகம் கழுவினார். நான் தண்ணீர்க் குழாயை மூடச் சொல்லவில்லை.

12. இந்த நான்கு பேரும் என்னிடம் கேட்டது வேறொன்று. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ஆளுங்கட்சி வேட்பாளர் இன்று பெரிய ஆள். ஆறு ஆண்டுக்கு முன் உள்ளூர் வார்டுக்கு நின்றபோது அவரும் என் கடைக்குத்தான் வந்தார். அந்தக் கோட்டைத்தான் போட்டார். நாடாவைக் கடைசிவரை தளர்த்த வேண்டியிருந்தது. தங்கள் கணினி வேலை அனுமதி விண்ணப்பங்களை மட்டும் பார்ப்பதால் அவர் அகப்படவில்லை. அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஒரே நாளில் ஊரெல்லாம் ஒட்டிவிடுகிறோம் என்றார்கள். லிஃப்ட் தம்பியின் மனைவி அவர்களைப் பார்த்து, "அதைக் கொடுத்தா அவர் வியாழக்கிழமைக்கு முன்னாடி வந்துடுவாரா?" என்று கேட்டார். "தேர்தல் முடியட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்கள். தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. அவரை நாட்டைவிட்டு அனுப்பும் வண்டி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. நான் படத்தைக் கொடுக்கவில்லை.

13. இந்த மனுவோடும் அதை இணைக்கவில்லை. தங்களை மிரட்டுகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது. அந்தக் கோட்டைப் போட்டதில் வேட்பாளர் மீது எந்தத் தவறும் இல்லை என்பது என் கருத்து. லிஃப்ட் தம்பி போட்டதிலும் இல்லை என்பது என் புகார்.

14. நான் தங்கள் அலுவலகத்துக்குப் புதன், வெள்ளி, நேற்றுத் திங்கள் என்று மூன்று முறை வந்தேன். அந்தக் கோட்டு உண்மையிலேயே இருக்கிறது, ஒட்டுவேலை எதுவும் இல்லை, எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் விளங்கிவிடும் என்று சொன்னேன். முதல் முறை, ஆய்வாளர் தேர்தல் பணியில் இருக்கிறார் என்றார்கள். இரண்டாம் முறை, வேறு கோட்டு தைத்துக்கொண்டுவந்து காட்டினால் ஏற்க முடியாது, கைப்பற்றியது இருந்தால்தான் ஏற்போம் என்றார்கள். நேற்று, கைப்பற்றிய பொருள்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "கோட்டு எதுவும் கைப்பற்றப்படலையேம்மா. லிஸ்ட்ல துணிதான் இருக்கு" என்றார்கள். அந்தத் துணிதான் கோட்டு என்றேன். கையெழுத்து யாருடையது என்று கேட்டார்கள். என்னுடையது என்றேன். "அப்போ நீங்களே துணின்னு ஒத்துக்கிட்டிருக்கீங்களே" என்றார்கள். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். என் வீட்டுக்காரர், "ஒன் வாயும் கையும் சும்மா இருந்திருந்தா ஊருக்கே நல்லது" என்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொன்னதை முதல் முறையாக மறுக்க முடியாமல் இருந்தேன்.

15. நேற்று மாலை கேமராவின் பழைய நினைவட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். லிஃப்ட் தம்பியைப் படமெடுத்த நாளின் அட்டை கிடைத்தது. அதில் அவருடைய படம் ஒன்று அல்ல, இரண்டு. அதை நான் மறந்தே போயிருந்தேன். பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த நினைவு எனக்கு வந்திருக்க வேண்டாம்.

16. அவர் மதிய இடைவேளையில் வந்திருந்தார். நிறுவனத்தின் சட்டை, நெஞ்சில் கிரீஸ். உட்காரவைத்து ஒன்று எடுத்தேன், பிற்பகல் ஒன்று பதினான்குக்கு. திரையில் பார்த்தேன், கிரீஸ் தெரிந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. கோட்டை எடுத்தேன். அவர் எழுந்து நின்று, "வேணாம்க்கா. முகம் சுத்தமா இருக்குல்ல, அதுபோதும்க்கா. நான் லிஃப்ட் மெக்கானிக்தானே" என்றார். "அதிகாரி பாக்குற படம் தம்பி, கோட்டு போட்டா ஒரு மரியாதை" என்றேன். அவர் மறுபடியும் வேண்டாம் என்றார். நான் அக்கா முறையில் அதட்டினேன். அக்கா சொன்னால் தட்டாதவர். கையை நீட்டினார், மாட்டினேன், டையையும் மாட்டிப் பின்னால் கிளிப் போட்டேன். இரண்டாவது படம் ஒன்று பதினேழுக்கு. விண்ணப்பத்தில் போனது இதுதான்.

17. மேற்படி இரண்டு படங்களையும், அவை பதிந்திருக்கும் நினைவட்டையையும் இத்துடன் இணைத்துள்ளேன். இரண்டிலும் ஒரே நாற்காலி, ஒரே திரை, அதே மடிப்பு. அவர் இடது காதுக்குக் கீழே அதே வெட்டுக்காயம். மூன்று நிமிட இடைவெளியில் ஒரு மனிதர் சட்டை மேல் கோட்டு போட்டிருக்கிறார். இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டின் காலருக்குள்ளிருந்து முதல் படத்தில் உள்ள அதே நிறுவனச் சட்டையின் காலர் ஒரு விரல் அகலம் எட்டிப்பார்ப்பது தெரியும். எந்தக் கும்பலும் அதை ஒட்டாது.

18. ஆகவே தாங்கள் அருள்கூர்ந்து,
(அ) பை எண் 17-ஐத் தங்கள் முன்னிலையில் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதை யாராவது ஒருவருக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். எழுத்தருக்கே போட்டாலும் சரி, எல்லோருக்கும் பொருந்தும். கிளிப் நான்கும் கேமராவும் கொண்டுவந்திருக்கிறேன்.
(ஆ) லிஃப்ட் தம்பியின் விண்ணப்பத்தை நிராகரித்த ஆணையை நிறுத்திவைத்து, வியாழக்கிழமை வண்டிக்கான பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்க வேண்டும்.
(இ) என் பதிவேட்டைத் திருப்பித் தர வேண்டும். தர முடியாதென்றால், அதை வைத்து இனி எந்த வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது. அது முகவரிப் பட்டியல் அல்ல. என்னை நம்பி எழுதிக்கொடுத்தவர்கள் பெயர்.

19. ஐயா, அரசியல் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை யார் ஜெயித்தாலும் திங்கட்கிழமை நான் கடை திறக்க வேண்டும். ஆனால் வியாழக்கிழமை அந்த வண்டி கிளம்பிவிட்டால், படியேறி வரும் ஒருவரை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தை நிமிர்த்தச் சொல்லி, இங்கே பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பயமாக இருக்கிறது.

20. முதல் படத்தில் அவர் சிரிக்கிறார். விண்ணப்பப் படத்தில் சிரிக்கக் கூடாது என்று நான்தான் சொன்னேன். கோட்டை அவர் கேட்கவில்லை, இரண்டு முறை வேண்டாம் என்று சொன்னார், நான் போட்டுவிட்டேன். அதைக் கழற்றுவதற்கும் வியாழக்கிழமைக்கு முன் என்னை அனுமதிக்க வேண்டும்.

இணைப்பு: நினைவட்டை – 1, படங்கள் – 2, கைப்பற்றுதல் ரசீதின் நகல், கடை உரிமத்தின் நகல்.

தங்கள் கதவு திறக்கும்வரை எழுந்து போகாதவள்,
(கையொப்பம்)
போட்டோ அக்கா

நாள்: செவ்வாய்க்கிழமை, காலை 9.40
இடம்: தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் தளக் காத்திருப்புக் கூடம், சன்னலோர பெஞ்சு. பக்கத்தில் லிஃப்ட் தம்பியின் மனைவியும் இருக்கிறார்.